மாத்திரை போடாமல் வரச் சொன்னார்கள்

அர்ச்சுனனுக்குக் கை நடுங்க ஆரம்பித்தபோது வயது நாற்பதுகூட ஆகவில்லை. விருத்தாசலத்தில் எங்கள் செராமிக் கம்பெனியில் பொம்மை அச்சுக்குள் களிமண் கூழ் ஊற்றுகிற வேலை அவனுக்கு. கூழ் வெளியே சிந்தத் தொடங்கியதும் குடிக்கிறான் என்றார்கள். டீயைத் தவிர வேறு எதையும் தொடாதவனைக் குடிகாரனாக்க எங்கள் ஊர் வாய்க்கு ஒரு வாரம் போதும். பிறகுதான் நடுக்குவாதம் என்று தெரிந்தது.

மாத்திரை போட்டால் கொஞ்ச நேரம் நடப்பான், பேசுவான். அதன் வேகம் இறங்கினால் உடம்பு விறைத்துப்போகும், கை மட்டும் ஆடிக்கொண்டே இருக்கும். அவன் மனைவி மாரியம்மாள்தான் சோறு ஊட்டுவாள். "ஒரு வாய் சோறு என் கையால துன்னணும்ணே, வேற ஒண்ணும் வேணாம்" என்பான் என்னிடம்.

தொண்ணூற்றெட்டில் சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சி தொடங்கினார்கள். மூளைக்குள் மெல்லிய கம்பி இறக்கி, மார்புத் தோலுக்கு அடியில் பேட்டரி வைத்து, லேசாகக் கரண்ட் கொடுத்தால் நடுக்கம் அடங்குமாம். நான்கு பேருக்கு மட்டும் இலவசம். அர்ச்சுனனைப் பரிசோதனைக்குக் கூப்பிட்டார்கள். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து மாத்திரை போடாமல் வரவேண்டும் என்றார்கள். ஏன் என்று சொல்லவில்லை. படித்தவர்களுக்கு உத்தரவு போட வருகிறது, காரணம் சொல்லத்தான் வாய் வலிக்கிறது.

மாரியம்மாளும் எங்கள் கம்பெனியில்தான் பொம்மைகளைத் தரம் பிரித்தாள். வாங்குகிற பார்ட்டி வந்தால் விரிசல் விட்டதைப் பின்னால் தள்ளி, நல்ல பீஸை முன்னால் வைக்க வேண்டும். வருஷக்கணக்காக அவள் பார்த்த வேலை அது. நான்கு பேரைத்தான் எடுப்பார்கள் என்றதும் அவள் புத்தி அந்த வழியிலேயே போயிற்று. விறைத்துக் கிடக்கிறவனைப் பார்த்தால் தேறமாட்டான் என்று ஒதுக்கிவிடுவார்களோ என்று பயந்தாள். ஆஸ்பத்திரி வாசல் டீக்கடையில் மாத்திரையைப் பொடித்து டீயில் கலந்து, டம்ளரைப் பிடித்துக் குடிக்க வைத்தாள்.

உள்ளே அர்ச்சுனன் நன்றாகவே நடந்தான். மாத்திரை போட்டீர்களா என்று டாக்டர் கேட்டார். "இல்லீங்க" என்றாள் மாரியம்மாள். அவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தான். அதன்பிறகு அவர்களே ஒரு மாத்திரை கொடுத்து, காத்திருந்து, மறுபடி பரிசோதித்தார்கள். பெரிய வித்தியாசம் இல்லை. "இவருக்கு இது சரிப்படாதும்மா" என்று அனுப்பிவிட்டார்கள். தலையெழுத்து என்று ஊர் திரும்பினார்கள்.

அடுத்த வருஷம் புதுச்சேரியில் மருந்து வாங்கப் போனபோது, நர்ஸம்மா ஒருவர்தான் விஷயத்தைச் சொன்னார். "மாத்திரை இல்லாதப்போ எப்படி இருக்காரு, போட்டா எவ்ளோ தேறுறாருன்னு பாப்பாங்கம்மா. நல்லா தேறுறவங்களுக்குத்தான் அந்த கம்பி வேலை செய்யும்." மாரியம்மாள் அங்கேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாளாம்.

மறுநாளே என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு சென்னைக்கு ஓடினாள். டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். நான்கு பேருக்கும் ஆபரேஷன் முடிந்திருந்தது. இனி செய்வதென்றால் லட்சக்கணக்கில் ஆகும். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்களே, அதைக் கண்ணால் பார்த்தேன். அந்த டாக்டர் மேல் எனக்கு இருக்கிற கோபம் இன்னும் ஆறவில்லை.

வீட்டுக்கு வந்ததும் புருஷன் காலைப் பிடித்துக்கொண்டு கதறினாள். "நான்தாங்க கெடுத்துட்டேன். டீயில மாத்திரைய கலந்துட்டேங்க."

அர்ச்சுனனுக்குக் குரல் சன்னமாகிவிட்டிருந்தது. குனிந்துதான் கேட்க வேண்டும். "தெரியும்டி. அன்னிக்கே டீ கசந்துது. ஒடம்பு லேசானதும் புரிஞ்சிபோச்சு."

"அப்ப டாக்டரு கேட்டப்போ சொல்லியிருக்கலாமேங்க!"

"சொல்லியிருந்தா, நாலு பேரு முன்னாடி உன்ன திட்டியிருப்பாங்க."