நான் எடுத்த பூஜ்யம்

தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று எண்ணாகக் காட்டும், பேனா அளவே உள்ள கருவி அது. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி அதைச் சீருடைத் துப்பட்டாவின் முனையால் துடைத்து, டம்ளர் தண்ணீரில் விட்டு, எண் ஓடி நிற்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது இன்னும் கண்ணில் இருக்கிறது. மூன்று முறை பார்ப்பாள். மூன்றும் ஒத்துவந்தால்தான் அவளுக்குத் திருப்தி. அவள் வீடு கடலை ஒட்டிய தெருவில் இருந்தது.

முத்தியால்பேட்டையில் ஒரு பெண்கள் பள்ளி. மாணவிகள் தங்கள் தெருத் தண்ணீரைத் தாங்களே ஆராய வேண்டும் என்பது திட்டம். வகுப்பிலிருந்த ஸ்மார்ட் போர்டையும் டேப்லெட்டுகளையும் அதற்கு எப்படிப் பயன்படுத்துவது என்று ஆசிரியைக்குக் கூட இருந்து உதவ, ஒரு தொண்டு நிறுவனம் என்னை அனுப்பியிருந்தது. அறிவியல் ஆசிரியைக்கு என் வயதுதான். கற்றுக்கொள்வதில் வேகம், நம்புவதில்தான் தாமதம். "மேடம், நான் சாக்பீஸ்ல தப்பா எழுதினா பத்து பேர் கை தூக்குவாளுங்க. இதுல வந்தா ஒருத்தியும் வாயத் தொறக்க மாட்டேங்கிறா" என்று போர்டைக் காட்டிச் சொன்னார். பழகினால் சரியாகிவிடும் என்றேன். அப்போது எல்லாவற்றுக்கும் என் பதில் அதுதான்.

அதிகாரி ஒருவர் பார்வையிட வருவதற்கு முந்தைய மாலை. ஆசிரியை ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தார். மாணவிகள் டேப்லெட்டில் பதிந்த எண்களை வரைபடமாக்கிப் பார்த்தேன். எல்லாம் ஐந்நூறு, அறுநூறு. கடலோரத் தெரு மட்டும் 2140. அந்த ஒரு தூண் போர்டின் உச்சிவரை எழும்பி, மற்ற தெருக்களைத் தரையோடு அழுத்தியிருந்தது. விரல் தவறி ஒரு பூஜ்யம் கூடிவிட்டது என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படி நினைத்தேனா, இல்லை, அப்படி நினைத்தால் சீக்கிரம் கிளம்பலாம் என்பதற்காக நினைத்தேனா? முதலியார்பேட்டையில் என் ஒன்பது மாதக் குழந்தை மாமியாரிடம் பாலுக்கு அழுதுகொண்டிருப்பாள். என் மார்பு கனத்து வலித்தது. மறுநாள் காலை அந்த மாணவியின் நோட்டை வாங்கிப் பார்த்திருக்கலாம். ஆசிரியைக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். பூஜ்யத்தை எடுத்தேன். 214. வரைபடம் அழகாகிவிட்டது.

மறுநாள் ஒவ்வொருத்தியாக எழுந்து தன் தெருவின் எண்ணை வாசித்தார்கள். அவள் முறை வந்தது. போர்டைப் பார்த்தாள். கையிலிருந்த நோட்டைப் பார்த்தாள். மறுபடி போர்டைப் பார்த்துவிட்டு, "இருநூத்திப் பதினாலு, சார்" என்றாள்.

"கடலோரத்துல இவ்ளோ நல்ல தண்ணியா!" என்று அதிகாரி வியந்தார். பின்பெஞ்சிலிருந்து ஒருத்தி, "அடியே, அப்ப இனிமே ஒங்க வூட்டுக்கே கொடத்தத் தூக்கினு வரோம்டி" என்றாள். வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். அந்தத் தெருவில் குடிக்கக் கேன் தண்ணீர்தான் வாங்குகிறார்கள் என்பது வகுப்புக்கே தெரியும். யாரும் கை தூக்கவில்லை. நானும்தான்.

அதிகாரி போனபின் ஆசிரியையிடம் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். "எங்கிட்ட ஏன் மேடம் சொல்றீங்க? அவகிட்ட சொல்லுங்க" என்று அவரே என்னோடு எழுந்து வந்தார். வகுப்பு வாசலில் அவளைக் கூப்பிட்டு, "நான்தாம்மா மாத்தினேன். நீ எடுத்ததுதான் சரி" என்றேன். அவளுக்கு எனக்காகக் கூச்சமாக இருந்தது போலும். "பரவால்ல மிஸ். நானும் நோட்டுல அழிச்சி மாத்திட்டேன்" என்றாள்.

ஆசிரியை நோட்டை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். ரப்பர் போட்டுத் தேய்த்த இடத்தில் பென்சில் அழுத்திய தடம் மட்டும் இருந்தது. "கருவிய எடுத்துட்டுப் போய் நாளைக்குத் திரும்பப் பாருடி" என்றார்.

"எவ்ளோ வரணும் மிஸ்?" என்று கேட்டாள்.

ஆசிரியை கருவியை எடுத்து அவள் கையில் கொடுத்தார். போர்டில் எண்ணைத் திருத்தினோம், அதிகாரிக்கும் எழுதினோம். அடுத்த நாள் அவள் கொண்டுவந்த எண்ணும் இரண்டாயிரத்தைத் தாண்டியது. ஆனால் நோட்டில் எழுதும் முன் அவள் ஆசிரியையின் முகத்தையும் என் முகத்தையும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். முன்பு அப்படிப் பார்த்தவளில்லை.

என் மகள் இப்போது மூன்றாம் வகுப்பு. பச்சைப்பயறு முளைவிட்டு வளர்வதை அளந்து எழுதச் சொல்லியிருக்கிறார்கள். நேற்று ஸ்கேலை வைத்துக்கொண்டு, "அம்மா, ஆறா ஏழா? வந்து பாரேன்" என்றாள். "உனக்கு என்ன தெரியுதோ அத எழுது" என்று அடுப்படியிலேயே நின்றுவிட்டேன். இன்னொரு முறை கூப்பிட்டாள். போகாதது சரியா என்று தெரியவில்லை. எட்டு வயதுக் குழந்தையைத் தனியே விட்டதாகவும் தோன்றியது. பிறகு அவளே ஏதோ எழுதி நோட்டைப் பைக்குள் வைத்துவிட்டாள். காலையிலிருந்து இரண்டு முறை அந்தப் பையருகே போய்த் திரும்பிவிட்டேன். என்ன எழுதினாள் என்று இன்னும் பார்க்கவில்லை.