பொது ஃபோல்டர்

எங்கள் அலுவலகத்தில் அவளுக்குச் சாவியக்கா என்று பெயர். எல்லோருக்கும் பொதுவான ஃபோல்டர்கள் இருக்கிற பெரிய கம்ப்யூட்டர் அவள் பொறுப்பு. யார் எதைத் திறக்கலாம், யார் எதைத் தொடவே கூடாது என்பதில் அவள் வைத்ததுதான் சட்டம். மேனேஜரே, "அக்கா, அந்த ஒப்பந்த ஃபோல்டரைக் கொஞ்சம் திறந்து விடுங்களேன்" என்று கெஞ்சுவார்.

வீட்டில்தான் பேச்சுத்துணைக்கு ஆள் கிடையாது. கணவர் போய்ச் சேர்ந்து பல வருஷம். ஒரே மகள், எங்கள் கம்பெனியின் கிளையில் வேலை. தனக்குப் பிடித்தவனை அவள் கட்டிக்கொண்டபோது அக்கா வாய்க்கு வந்தபடி பேசி, "இனி என் முகத்துல முழிக்காதே" என்றும் சொல்லித் தொலைத்தாள். அப்புறம் போன் போட்டுப் போட்டு விரல் தேய்ந்ததுதான் மிச்சம். மகள் எடுக்கவேயில்லை. அழுத்தக்காரி, அம்மாவை உரித்து வைத்தவள்.

ஆனால் கிளைக்காரர்களும் வேலை பார்ப்பது அக்காவின் கம்ப்யூட்டரில்தான். காலையில், யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்று கம்ப்யூட்டரில் பார்த்தால் மகள் பெயர் இருக்கும். வேலை ஃபைல்களோடு 'பொது' என்ற ஃபோல்டரையும் திறந்திருப்பாள். அதில் ஒரு பழைய விடுமுறை அறிவிப்பைத் தவிர ஒரு மண்ணும் கிடையாது. எதற்குத் திறக்கிறாளோ, எனக்கு விளங்கியதில்லை. "வந்துட்டா" என்று அக்கா முணுமுணுப்பது பக்கத்து மேஜையில் இருக்கும் எனக்கு மட்டும் கேட்கும். பெயர் வராத நாளில் அவளுக்கு டீ கூட இறங்காது.

கிளைக்குத் தனிக் கம்ப்யூட்டர் வந்தது. அவர்கள் தொடர்பைத் துண்டிக்கச் சொல்லி உத்தரவு. ஒவ்வொரு பெயராக வெட்டிக்கொண்டு வந்தவள், மகளைக் கடைசிக்குத் தள்ளினாள். கண் கலங்கியபடியே அதையும் அழுத்தினாள். வெட்டுமுன் ஃபைல் ஏதும் திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். "பாக்காம வெட்டுறவன் கையை வெட்டணும்" என்று எங்களைத் திட்டுகிறவளே அவள்தான். அன்று அவளே பார்க்கவில்லை.

மேஜை போன் அலறியது. பழைய போன், அந்தப் பக்கம் பேசுவதெல்லாம் என் மேஜைவரை கேட்கும். எடுத்ததும் ஒரே கத்தல்.

"ஃபைல் திறந்திருக்கான்னு பாக்காமயா வெட்டுவே? காலையிலேர்ந்து அடிச்சதெல்லாம் போச்சும்மா!"

மன்னிப்புக் கேட்க வேண்டிய அக்காவின் வாய், "நடுவுல நடுவுல சேவ் பண்ணுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?" என்றது. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

மகள் போனை வைத்துவிட்டாள் என்றே நினைத்தேன்.

"இனிமே நாங்க உன் கம்ப்யூட்டர்ல இல்லியாமே?" மகளின் குரல் உடைந்திருந்தது. "அப்ப நான் வந்துட்டேனான்னு எப்படிம்மா பாப்பே? அதுக்குன்னுதானே அந்தக் காலி ஃபோல்டரைத் தினம் திறந்து வைக்கிறேன்."

"போனை எடுடி, பாவி" என்று அத்தனை பேர் முன்னாலும் அக்கா அழுதுவிட்டாள். "நான் கூப்பிட்டா போனை எடு."