கதவு திறந்த பிறகு

கோமதி மன்னி காலமான செய்தி, நான் கல்லூரியில் பாடம் நடத்தக் கிளம்பிக்கொண்டிருந்தபோது வந்தது. எதிர்வீட்டுக்காரர் வாசலில் நின்று தயங்கித் தயங்கிச் சொன்னார். "நீங்க கண்டேளா?" என்று கேட்டுவிட்டேன். அவர் ஆமென்று தலையாட்டினார். கேட்ட பிறகுதான் அது என் கேள்வி அல்ல, மன்னி வழக்கமாகக் கேட்பது என்று உறைத்தது.

தெருவில் எல்லாருக்கும் அவர் மன்னிதான். பெண்கள் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தவராக அவரைப் பலருக்குத் தெரியும். எங்கள் கரமனைத் தெருப் பெண்களுக்கோ அவர் ஒரு டாக்கிப் படத்தின் கதையைப் புத்தகமாக எழுதியவர். படம் வெளிவரும் சமயத்தில் அதன் கதையை வசனநடையில் எழுதுவித்து அச்சிட்டு விற்பது படக் கம்பெனிகளின் வழக்கம். அப்படி ஒரு கம்பெனி தன் கதைக் காகிதங்களை மன்னியிடம் கொடுத்திருந்தது. அட்டையில் 'கம்பெனியாரின் அனுமதி பெற்றது' என்று அச்சாகியிருந்தது. எனக்கு அந்த மாதிரிப் புத்தகங்களில் மதிப்பில்லை. வியாபாரச் சரக்கு என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். "அரிசியும் சரக்காக்கும், ஜானகி" என்றார் மன்னி.

எங்கள் தெருவில் ஆண்கள் கொட்டகைக்குப் போய்ப் படம் பார்த்தார்கள். பெண்களில் என்னைப் போல் ஓரிருவர்தான் போனோம். மற்றவர்கள் வெள்ளிக்கிழமை மத்தியானம் மாதர் சங்கத்தில் கூடி, மன்னியின் புத்தகத்தை ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்டார்கள். அதனால் ஒரே கதை தெருவில் இரண்டாக இருந்தது. சொல்லாமல் ஓடிப்போன கணவன் பல வருஷம் கழித்து வந்து கதவைத் தட்டுகிறான். படத்தில் கதவு திறக்கிறது, மனைவி நிற்கிறாள், 'சுபம்' என்று எழுத்து விழுகிறது. புத்தகத்தில் அவள் நிலைப்படியில் நின்றபடி "ஏன் போனீர்கள்?" என்று கேட்கிறாள். கதை அங்கே நின்றுவிடுகிறது.

எங்கள் தெரு வைதிகரான சாஸ்திரிகளின் மகள் ராஜத்தின் நிலையும் அதுவேதான். நாகர்கோவில்காரனான அவள் கணவன் காரணம் சொல்லாமல் அவளைப் பிறந்தகத்தில் விட்டுவிட்டுப் போனவன். தன் தாயார் இறந்து, சமைக்க ஆளில்லாமல் போனதும் அழைத்துப்போக வருவதாகச் சொல்லியனுப்பினான். ராஜம் போகமாட்டேன் என்று சொல்லவில்லை. ஏன் விட்டுப்போனான் என்று கேட்ட பிறகே போவேன் என்றாள். வாசலில் நின்று புருஷனைக் கேள்வி கேட்கும் வழக்கம் எந்தப் புத்தகத்தில் வந்தது என்பது சாஸ்திரிகளுக்குத் தெரியும். அந்த வெள்ளிக்கிழமை அவர் சங்கத்துக்கே வந்துவிட்டார்.

மன்னி தன் புத்தகம் செல்லாது என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லவேண்டும் என்பது சாஸ்திரிகளின் கோரிக்கை. "கொட்டகையில கண்ணால கண்டதுதான் ச்ருதி. நீ எழுதினது ஸ்ம்ருதி. ரெண்டும் மோதித்துன்னா ச்ருதிக்குத்தான் ஜயம்" என்றார். வேதமாகிய ச்ருதிக்கும் அதைச் சார்ந்த ஸ்ம்ருதி நூல்களுக்கும் உள்ள விதியை அவர் ஒரு டாக்கிக்குப் பொருத்தியதில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. ராஜம் தூணோரம் நின்றுகொண்டிருந்தாள்.

எழுதியவள் நான், என் சொல்லே முடிவு என்று மன்னி சொல்லியிருக்கலாம். அட்டையிலிருந்த அனுமதியைக் காட்டியிருக்கலாம். இரண்டையும் செய்யாமல் சாஸ்திரிகளின் விதியை அப்படியே ஒப்புக்கொண்டார். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஜானகி, நீ படம் பாத்தவ. அவன் உள்ளே போறதைக் கண்டியோ?"

யோசித்தேன். பட்டம் வாங்கியவள் என்பதால் சாட்சி சொல்ல எனக்குக் கூச்சமில்லை. ஆனால் அந்தக் கடைசிக் காட்சியில் நான் பார்த்ததையும் நானாக நிரப்பிக்கொண்டதையும் பிரிக்க நேரமாயிற்று. காணவில்லை என்றேன்.

"மாமா கண்டேளா?"

சாஸ்திரிகள் பொய் சொல்கிறவர் அல்ல. "கதவு தொறந்தது. அவ நின்னா. அவ்வளவுதான்" என்றார்.

"அப்போ மோதல் எங்கே? ச்ருதி மௌனமா இருக்கற எடத்துல ஸ்ம்ருதி பேசலாமோ, கூடாதோ?"

சாஸ்திரிகள், "பேசலாம்" என்றார். மகளைப் பார்க்காமல் மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, "கதையில அவ கேட்டிருக்கா. சரியாக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். பல்கலைக்கழகத்தில் பெரிய வாதங்களைக் கேட்டிருக்கிறேன். எதிராளியின் விதியை ஓர் எழுத்துக்கூட மாற்றாமல், அதற்குள்ளேயே ஒரு பெண் நிற்க இடம் கண்டுபிடித்த வாதத்தை அன்று ஒரு தடவைதான் கேட்டேன்.

மாப்பிள்ளை வந்தான். ராஜம் கதவைத் திறந்து நின்று கேட்டாள். அவன் மாமனாரைப் பார்த்தான். சாஸ்திரிகள் மகளைப் பார்த்தார். பதில் இல்லாமல் நாகர்கோவிலுக்குத் திரும்பினவன், சில மாதம் கழித்துப் பதிலோடு வந்தான். என்ன பதில் என்று ராஜம் யாரிடமும் சொல்லவில்லை. அது போதும் என்று தீர்மானித்தவள் அவள்தான். அவனோடு போனாள்.

புத்தகத்தில் வந்த அந்தக் கேள்வி கம்பெனிக் காகிதத்தில் இருந்ததா, நீங்களாகச் சேர்த்ததா என்று பின்னொரு நாள் மன்னியைக் கேட்டேன். "நீ காகிதத்தைக் கண்டியோ? இல்லையோன்னோ? பேசாம காப்பியைக் குடி" என்றார். இன்றுவரை எனக்குத் தெரியாது. இனித் தெரியவும் போவதில்லை.

செய்தி கேட்டு ராஜம் நாகர்கோவிலிலிருந்து வந்திருந்தாள். மன்னி வீட்டு நிலைப்படியில் சற்று நின்றுவிட்டு உள்ளே போனாள். அதை நான் பார்த்தேன். நின்றபோது என்ன நினைத்தாள் என்பதை நான் பார்க்கவில்லை, அதனால் எழுதவில்லை. மன்னியிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது, கண்டதற்கும் காணாததற்கும் உள்ள அந்த வித்தியாசம்.