சுல்தானின் வெள்ளைத் துணி

ஒரு நாய்க்குட்டி ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஒன்றுக்குப் போகும் என்று யாராவது கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. எங்கள் வீட்டில் எண்ணத்தான் ஆரம்பித்தோம். முதல் நாள் மத்தியானத்துக்குள்ளேயே விட்டுவிட்டோம். ஒரு கைக்குள் அடங்குகிற உடம்பு. அதற்குள் அவ்வளவு தண்ணீர் எங்கேதான் இருந்ததோ.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்த லீவு அது. ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், ஒரு பிளாஸ்டிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். கூடைக்குள் ஒரு துண்டு, துண்டுக்குள் பொமரேனியன் குட்டி. அது தாயிடம் பால் குடிக்கிற பருவத்தைக்கூடத் தாண்டியிருக்கவில்லை. நண்பர் வீட்டில் போட்ட குட்டியாம், மருமகள் ஆசைப்பட்டாளே என்று முந்திக்கொண்டு எடுத்து வந்துவிட்டாராம். ஆசைப்பட்டது நான், எடுத்து வந்தது மாமா, சரி என்றது அப்பா. அம்மாவை யாரும் கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை.

ராஜபாளையத்தில் நாய் என்றால் அதற்கு ஒரு கெத்து இருக்கிறது. நெடுநெடுவென்று, வெள்ளைவெளேரென்று, வாசலில் நின்றால் தபால்காரர் பயந்து தெரு முனையிலிருந்தே வீட்டுக்காரர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற நாய். எதிர்வீட்டுக்காரர் அப்படி ஒன்று வைத்திருந்தார். எங்கள் குட்டியைப் பார்த்ததும் அவருக்கு அன்றைய பொழுது நன்றாகப் போயிற்று.

“ஏலே, இது நாயா, இல்ல பஞ்சு மில்லுல இருந்து பறந்து வந்ததா? ராஜபாளையத்துல இருந்துக்கிட்டு இதப் போய் வளக்கியளே!”

அந்த அவமானத்தை ஈடுகட்டத்தான் நான் அதற்கு சுல்தான் என்று பெயர் வைத்தேன்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒட்டினாற்போல அப்பாவின் ஷெட். வெளுத்து வரும் காஸ் என்கிற மெல்லிய வலைத்துணியை அளவாக வெட்டி, பேண்டேஜாகச் சுற்றி, பெட்டியில் அடுக்கி அனுப்புகிற வேலை. சுற்றுவதற்கு இரண்டு அக்காமார் வருவார்கள். மூன்றாவது ஆள் அம்மா. சமையல்கட்டுக்கும் ஷெட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு கதவு. அந்தக் கதவைக் காட்டி அப்பா முதல் நாளே சட்டம் போட்டுவிட்டார்.

“இங்க பாரு. உள்ள இருக்கது ஆஸ்பத்திரிக்குப் போற துணி. புண்ணுல வச்சுக் கட்டுறது. அதுல இது ஒரு சொட்டு விட்டுச்சு, அன்னைக்கே ஒன் மாமன் வீட்டுக்கு பஸ் ஏறிரும்.”

எனவே சுல்தான் எங்கள் வீட்டில் இருப்பதும் போவதும் அதன் சின்ன மூத்திரப்பையைப் பொறுத்தது என்றாயிற்று. அதைப் பழக்குவது என் பொறுப்பு. நான் அப்பாவின் செல்போனை வாங்கி வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினேன். தூங்கி எழுந்ததும் தூக்கிக்கொண்டு போ. பால் குடித்ததும் தூக்கிக்கொண்டு போ. விளையாடி நின்றதும் தூக்கிக்கொண்டு போ. ஒரே இடத்தில் பேப்பரை விரித்து அதன்மேல் விடு, சரியாகச் செய்தால் கொஞ்சு. மூக்கைப் பிடித்து அதிலேயே தேய்க்கச் சொன்ன எதிர்வீட்டுக்காரர் யோசனையை, வீடியோவில் கூடாது என்கிறார்கள் என்று நான் மறுத்துவிட்டேன். படித்த பெருமை.

எங்கள் வீட்டில் பேப்பர் வாங்குவதில்லை. ஆனால் வேஸ்ட் துணிக்குப் பஞ்சமே இல்லை. வெட்டும்போது ஓரம் பிசிறிய காஸ் துணி மூட்டை மூட்டையாகக் கிடக்கும். மெத்தென்று இருக்கும், நன்றாக உறிஞ்சும். பேப்பர் வாங்கி வீணாக்குவானேன் என்று மாடிப்படிக்கு அடியில் நாலைந்து மடிப்பாக அதை விரித்தேன். இவ்வளவு புத்திசாலித்தனமான யோசனை அந்த வீடியோக்காரர்களுக்குக்கூடத் தோன்றவில்லையே என்று எனக்கு ஒரே பூரிப்பு.

முதல் நாள்களில் என்னிடம் ஓட்டம் இருந்தது. சுல்தான் வாலைச் சுழற்றி, மூக்கைத் தரையில் வைத்து ஒரு வட்டம் போட்டால் போதும், அள்ளிக்கொண்டு பறப்பேன். போய்ச் சேர்வதற்குள் பாதி என் சட்டையிலும் மீதி வழியிலும் விழுந்திருக்கும். பிறகு அலுத்துவிட்டது. லீவில் வேறு சோலிகளும் இருந்தன, தெருவில் ஆட்டம் இருந்தது. வெளியிலிருந்து திரும்பி வரும்போது தரை ஈரமாக, டெட்டால் வாசத்தோடு இருக்கும். தரை என்றால் அப்படித்தான் இருக்கும் என்பதுபோல நான் அதன்மேல் நடந்து போவேன். குழாயில் தண்ணீர் எப்போதாவதுதான் வரும் தெரு எங்களுடையது. துணி அலசிய தண்ணீரையே எடுத்து வைத்துத் தரையைத் துடைத்து, அழுக்குத் துணியைத் தனியாக அலசிப் போட்டுக்கொண்டிருந்தது யார் என்று யோசிக்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை. குட்டிக்குக் கிண்ணத்தில் நக்கிக் குடிக்கத் தெரியாததால், நான் கைக்குழந்தையாக இருந்தபோது எனக்குப் பால் புகட்டிய பாலாடைச் சங்கைத் தேடி எடுத்து ஊட்டியதும் அதே ஆள்தான்.

ஆனாலும் சுல்தான் படித்துக்கொண்டது. மெல்ல மெல்ல, தானாகவே படிக்கட்டுக்கு அடியில் போய் நிற்க ஆரம்பித்தது. இடையிடையே சறுக்கல்கள். கொடியிலிருந்து விழுந்து கிடந்த அப்பாவின் வேட்டியில் ஒரு தடவை. என் தலையணை உறையில் ஒரு தடவை. பார்க்க வந்திருந்த மாமா கைக்குட்டையைக் கீழே போட்டபோது ஒரு தடவை. இவற்றுக்கெல்லாம் ஏதோ ஒற்றுமை இருக்கிறது என்று எனக்கு உறைக்கவில்லை.

உறைத்த நாள், பெட்டி ஏற்ற வண்டி வருகிற நாள். சுற்றி முடித்த பேண்டேஜுகள் ஷெட் மூலையில் தார்ப்பாயின்மேல் கோபுரமாக அடுக்கப்பட்டிருந்தன. அம்மா இரண்டு கையிலும் டீ டம்ளர்களோடு போனதால் கதவைச் சாத்த முடியவில்லை. சுல்தான் பின்னாலேயே நுழைந்துவிட்டது. நான் கத்திக்கொண்டு ஓடினேன். அது அவசரப்படவில்லை. பரந்து கிடந்த சிமெண்டுத் தரையை அடக்க ஒடுக்கமாகக் கடந்தது. சாக்குக் குவியலை முகர்ந்து, இது இல்லை என்று நகர்ந்தது. துணி வெட்டுகிற மிஷினின் காலடியையும் ஒதுக்கியது. நேராகக் கோபுரத்தை அடைந்து, அடுக்கிலிருந்து சரிந்திருந்த வெள்ளை உருண்டைகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றின்மேல் ஏறி உட்கார்ந்தது. முடித்துவிட்டு, கொஞ்சுவதற்காக என்னைத் திரும்பிப் பார்த்தது.

சுற்றுகிற அக்காமார் இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நான் அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றேன். பஸ், கூடை, மாமா வீடு எல்லாம் கண்முன் வந்துபோயின.

அப்பா நனைந்த உருண்டையைப் பார்த்தார், குட்டியைப் பார்த்தார். அவர் தோள் குலுங்கிற்று. கோபம் என்றுதான் நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

“ஏட்டி, அது தப்பே பண்ணலட்டி. நீ சொல்லிக் குடுத்தத அச்சு பிசகாம செஞ்சிருக்கு. அம்மாடி, இம்புட்டுப் பெரிய கக்கூஸா நமக்குன்னு நெனச்சிருக்கும்!”

அக்காமார் அடக்க முடியாமல் சிரித்தார்கள். அப்பா அந்த அடுக்கை வேஸ்ட் பக்கம் தள்ளிவிட்டு, “போ, போயி பேப்பர் வாங்கிட்டு வந்து முதல்ல இருந்து பழக்கு” என்றார். சட்டம் போட்டவரே அதை ரத்து செய்துவிட்டார். நான் சுல்தானைத் தூக்கிக்கொண்டு குதித்தேன்.

அம்மா டீ டம்ளர்களை இன்னும் கீழே வைக்கவில்லை. வைத்தாள். பிறகு அந்த இடத்திலேயே, சிமெண்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“ஏங்க, இத அண்ணன் வீட்டுல கொண்டுபோய் விட்டுருங்க.”

“அதான் விடுன்னுட்டேன்லா. சின்ன உசுரு, தெரியாமச் செஞ்சுட்டு.”

“முதல்ல இருந்து பழக்கணுமாமே. என்னால ஏலலைங்க.” குரல் உயரவே இல்லை. சண்டை போடுகிற குரலாக இருந்திருந்தால் நான் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன்.

“அப்பாவே ஒண்ணுஞ் சொல்லல, ஒனக்கென்னம்மா?” என்றேன்.

“ஒங்கப்பா இன்னைக்கு ஒரு தடவதானட்டி பாத்தாவ.”

அம்மா எழுந்தாள். துடைக்கிற துணியை எடுத்து வந்து தரையைத் துடைத்தாள். பிறகு தன் இடத்தில் உட்கார்ந்து பேண்டேஜ் சுற்றத் தொடங்கினாள், வண்டி வருவதற்குள் குறைந்ததை ஈடுகட்ட வேண்டுமே.

மறுநாள் மாமா வந்து அதே கூடையில் சுல்தானைக் கொண்டுபோனார். நான் அம்மாவோடு பேசுவதை நிறுத்தினேன். நான் பேசாததை அம்மா கவனித்த மாதிரியே தெரியவில்லை என்பது கோபத்தை இன்னும் கூட்டிற்று. கொஞ்ச நாள் கழித்து மாமா போனில் அளந்தார். “மருமகளே, அதெல்லாம் ஒரு மொறை மொறச்சேன், அம்புட்டுத்தான். இப்ப வாசக்கதவத் தொறக்கச் சொல்லிக் கொரைக்குது, வெளிய போயிட்டு வருது.” நான் அதை அப்படியே நம்பினேன். குட்டி வளர்ந்துவிட்டது, அதனால் அடக்க முடிகிறது, அவ்வளவுதான் என்பதெல்லாம் ரொம்பப் பின்னால் தெரிந்துகொண்டது. எங்கள் வீட்டில் இருந்த காலத்தில் அது பிரம்மாவே வந்து பழக்கினாலும் அடக்கப் பழகியிருக்காது.

ஆடிப்பூரத் தேர் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. சுல்தானுக்கு என்னை அடையாளம் தெரியுமா? பெயர் வைத்தது நான், பழக்கியது நான். தெரு முனையிலேயே அம்மாவை முந்திக்கொண்டு ஓடி, மாமா வீட்டு வாசலில் முட்டிபோட்டு உட்கார்ந்து கையை விரித்தேன்.

சுல்தான் நன்றாக வளர்ந்திருந்தது. என்னைப் பார்த்தது, ஒரு நொடி முகர்ந்தது. பிறகு என்னைத் தாண்டி, அப்பாவைத் தாண்டி, கடைசியாக வந்துகொண்டிருந்த அம்மாவிடம் பாய்ந்தது. முனகி, புரண்டு, காலைச் சுற்றிச் சுற்றி வந்து, சந்தோஷம் தாங்காமல் அம்மாவின் பாதத்தின் மேலேயே ஒன்றுக்குப் போய்விட்டது.

“அட சனியனே, வீட்டுல ஒரு நாளும் இப்படிப் பண்ணுனதில்லையே!” என்று பதறிக்கொண்டு அத்தை துடைக்கத் துணியோடு ஓடி வந்தாள்.

அம்மா காலை எடுக்கவில்லை. சேலையைக்கூடத் தூக்கிப் பிடிக்கவில்லை. அத்தையின் கையிலிருந்து அந்தத் துணியைப் பிடுங்காத குறையாக வாங்கினாள்.

“நீங்க இருங்க மதினி. நான் தொடைச்சுக்கிடுதேன்.”

குனிந்து, துடைக்காமல் கொஞ்ச நேரம் அதன் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டது துணி பிடித்த கையாலா மற்றக் கையாலா என்று நான் பார்க்கவில்லை. துடைக்க முடியவில்லை என்று சொல்லித்தானே அனுப்பினாள், இப்போது துணியைக் கேட்டு வாங்கிக்கொள்கிறாளே, பிறகு எதற்குத்தான் அனுப்பினாள் என்று திரும்பி வரும் பஸ்ஸில் ராஜபாளையம் வருகிற வரைக்கும் யோசித்துக்கொண்டே வந்தேன். என் தோளில் சாய்ந்து அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள்.