மெர்சி மேடம் காத்திருந்த சொல்

செவ்வாய்க்கிழமை காலை தாம்பரம் ரயில் நிலையத்தில் நின்றிருந்தபோது வில்சன் சார் அழைத்தார். "மெர்சி போயிட்டா சார். ஹார்ட் அட்டாக்" என்றார். மெர்சி மேடம் அவர் மனைவி. என் முன்னால் ஒரு ரயில் வந்து, நின்று, சத்தமே இல்லாததுபோல் போனது. நான் ஏறவேண்டிய ரயில் அதுதான் என்பது பிறகுதான் உறைத்தது.

செம்பாக்கம் ஏரிக்கரையில் ஞாயிறுதோறும் வாள் பழகும் நம் கூட்டத்துக்கு மேடத்தை அறிமுகம் செய்யத் தேவையில்லை. வாரநாளில் கணக்கு டீச்சர். ஞாயிறு ஆறு மணிக்கு, இரு கையால் பிடிக்கும் ஐரோப்பிய நீள்வாள். எட்டரைக்கு சர்ச். பல நூறு வருடம் முந்தைய ஜெர்மன் வாள் நூல் ஒன்றை இணையத்தில் கண்டுபிடித்து, அதன் நிலைகளுக்கு எருது, கலப்பை, மடையன் என்று நமக்குத் தமிழில் பெயர் சொன்னவர் அவர்தான். வாளைத் தரையை நோக்கித் தாழ்த்தி நிற்பது மடையன் நிலை. "மடையன் மாதிரி நிக்கிறவங்ககிட்டதான் சார் ஜாக்கிரதையா இருக்கணும்" என்பார்.

அடி தாங்கும் பஞ்சுச் சட்டைக்கு அனகாபுத்தூரில் ஒரு மெத்தைக்காரரைப் பிடித்தோம். அவர் இலவம் பஞ்சைத் தாராளமாகத் திணித்துவிட்டார். மேடம் போட்டுப் பார்த்தால் கை மடங்கவில்லை. "இன்னா மேடம், மெத்தையவே மாட்டிக்கினு எங்க கெளம்பிட்டீங்க?" என்று அவரே கேட்டார். சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலித்தது. பனி விலகாத காலைகளில், அந்தச் சட்டையும் கம்பிவலை முகமூடியுமாக மேடம் ஏரிக்கரையில் நடந்து வருவது இப்போதும் கண்ணில் நிற்கிறது. எந்த ஊர், எந்தக் காலம் என்றே தோன்றாது.

நம்மிடம் நடுவர் கிடையாது. அடி பட்டவரே கையைத் தூக்கி "பட்டது" என்று சொல்லவேண்டும். அது மேடம் வைத்த வழக்கம். "பட்டவங்களுக்குத்தானே சார் தெரியும்" என்பார்.

இரண்டு வருடம் முன்பு, நம் ஆண்டுப் போட்டியின் கடைசி ஆட்டம். மேடமும் நானும் நாலுக்கு நாலு; அடுத்த அடியை வைப்பவருக்குக் கோப்பை. அவர் வாள்முனை என் கையுறைக்கு மேலே, மணிக்கட்டில், பூப்போலத் தொட்டது. யாரும் பார்க்கவில்லை. நான் கையைத் தூக்கவில்லை, வாளை வீசினேன்; அது அவர் தோளில் பட்டது. அவர் ஒரு கணம் என்னையே பார்த்தார். பிறகு கையைத் தூக்கி, "பட்டது சார்" என்றார். கோப்பையை நான் வாங்கிக்கொண்டேன். நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள். அடுத்த வாரம் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ஒவ்வொரு வாரமும் அப்படித்தான் நினைத்தேன். வெட்கம் வாயைக் கட்டிவிட்டது.

அடக்கம் முடிந்த மறுநாள் கோப்பையை எடுத்துக்கொண்டு வில்சன் சாரைப் பார்க்கப் போனேன். நான் தொடங்குவதற்குள் அவர், "தெரியும் சார்" என்றார். "அன்னைக்கே வந்து சொன்னா. 'நீ கேட்டிருக்கலாமே'ன்னேன். 'அது அவர் சொல்லவேண்டியதுங்க. சொல்லுவாரு பாருங்க'ன்னா."

அந்த ஆட்டத்துக்குப் பிறகும் இரண்டு வருடம், ஞாயிறுதோறும் மேடம் என் எதிரே வந்து நின்றார். ஒருமுறைகூட முகம் கோணவில்லை. நான் சொல்லிவிடுவேன் என்ற அவருடைய நம்பிக்கை ஒன்றுதான் இனி எனக்கு மிச்சம். அதற்கு நான் அன்று தகுதியாக இல்லை. உங்கள் எல்லோர் முன்னிலையிலும் சொல்கிறேன்: முதலில் பட்டது எனக்குத்தான்.