ஒரே ஒருவர் திறந்த மென்பொருள்

பன்னிரண்டாயிரம் பேர் வேலை பார்க்கும் அந்த மென்பொருள் கம்பெனியில் அவளை ‘மூடுவிழா அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். பழசாகிப்போன மென்பொருள்களை நிறுத்துவது அவள் வேலை. புதிதாக ஒன்று வெளியானால் கைதட்டிக் கொண்டாடுவார்கள். மூடும்போது எட்டிப் பார்க்கக்கூட ஆள் வராது. பதினோரு வருடத்தில் நாற்பது மூடியிருந்தாள்.

கம்பெனியைத் திட்டாமல் அவளுக்குப் பொழுது போகாது. உடைந்த நாற்காலியை மாற்ற மூன்று பேர் ஒப்புதல். வருடத்துக்கொரு மேலாளர், ஒவ்வொருவரிடமும் தான் யாரென்று ஆதியிலிருந்து சொல்ல வேண்டும்.

“அப்புறம் ஏன் விடமாட்டேங்கற?” என்பார் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாரான கணவர்.

பதில் இருவருக்கும் தெரியும். மகளுக்குக் காதில் அறுவை சிகிச்சை நடந்தபோது, முழுச் செலவையும் ஏற்று, ஆறு மாதம் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னதும் இதே கம்பெனிதான்.

நாற்பத்தோராவதாக ஒரு மருத்துவமனை மென்பொருள் வந்தது. ‘பயன்படுத்துவோர்: இல்லை’ என்றது அறிக்கை. வெள்ளி மாலைக்குள் நிறுத்த வேண்டும். எதற்கும் இருக்கட்டும் என்று உள்ளே நுழைந்தவர்களின் பதிவைப் பார்த்தாள். தினமும் காலை ஆறு பத்துக்கு யாரோ ஒருவர் வந்து, நாலு நிமிடம் இருந்துவிட்டுப் போயிருந்தார். ஞாயிற்றுக்கிழமையும் விடவில்லை. பத்துப் பேருக்குக் குறைந்தால் அறிக்கை அதை ‘இல்லை’ என்றே எழுதும்.

எண்ணைத் தேடிப் பிடித்துப் போன் செய்தாள். எடுத்தது ஒரு சின்ன மருத்துவமனையின் ரத்த வங்கி ஊழியர்.

“ஐயோ, நிறுத்திடாதீங்கம்மா! அபூர்வமான ரத்த வகைக்காரங்க லிஸ்ட்டு அதுல மட்டும்தான் இருக்கு.”

“நிறுத்தப்போறோம்னு மெயில் வரலையா?”

“போன வருஷம் ரிட்டயர் ஆனவருக்கு வந்திருக்கும்!”

மேலாளர் வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. “ஒருத்தருக்காகவா? தள்ளி வைக்கணும்னா ஏழு பேர் ஒத்துக்கணும்” என்றார்.

“அந்த ஏழு பேர் யாருன்னு சொல்லுங்க சார்.”

இரண்டு நாள் மாடி மாடியாக ஏறி இறங்கினாள். ஐந்து பேர் சம்மதித்தார்கள். ஆறாமவர் விடுப்பில் இருந்தார். ஏழாமவர், “நீங்க எந்த டீம்?” என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார். ஆத்திரத்தில் அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

வியாழக்கிழமை காலை வேறு வழி யோசித்தாள். நிறுத்துவதைத் தள்ளிப்போட முடியாவிட்டால் என்ன? அதற்குள் பட்டியலை வேறு இடத்துக்கு மாற்றிவிடலாமே! அந்த மென்பொருளை முதன்முதலில் எழுதியவரின் ஊழியர் எண்ணைத் தேடினாள். ஆள் எங்கும் போகவில்லை. இதே கட்டடத்தில், நாலாவது மாடியில் இருந்தார். நரைத்த தாடிக்காரர்.

“அது இன்னும் உயிரோட இருக்கா?” என்று எழுந்தே நின்றுவிட்டார்.

அவர் இரண்டு பேரை அழைத்தார். அந்த இருவர், புதிய மருத்துவமனை மென்பொருளைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணைப் பிடித்தார்கள். ஒப்புதலுக்கு யாரும் காத்திருக்கவில்லை. இத்தனை கெட்டிக்காரர்கள் ஒரே கூரையின் கீழ் இருப்பதை அவள் அன்றுதான் கண்ணால் கண்டாள். வெள்ளி மதியம் பட்டியல் புதிய மென்பொருளுக்கு மாறிவிட்டது.

“எல்லாப் பேரும் இருக்கும்மா!” போனில் ரத்த வங்கி ஊழியர் கத்தினார். “எழுத்தும் பெருசா இருக்கு, கண்ணாடி இல்லாமலே படிக்கறேன்!”

ஐந்து மணிக்கு, சொன்ன நேரத்தில், பழையதை நிறுத்தினாள்.

அதோடு விடவில்லை. எதை மூடுவதற்கு முன்னும், கடைசியாக உள்ளே வந்தவரிடம் போனில் பேச வேண்டும் என்று ஒரு விதி எழுதிக் கொடுத்தாள். கம்பெனி அதை ஏற்க இரண்டு மாதமும் பதினோரு கையெழுத்தும் ஆயின. பதினொன்றையும் வாங்கினாள். விதியின் கீழே அவள் பெயர் இல்லை. ஆனால் அடுத்த ஒரு வருடத்தில், ‘இல்லை’ என்று எழுதப்பட்டிருந்த இடங்களில் பத்தொன்பது பேர் போனை எடுத்துப் பேசினார்கள்.