தண்ணீர் உதைக்கும் நேரம்

அன்று எங்கள் ஊர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்புக் கட்டடத்தில் இருந்தவர்கள்: தலைவர், செயலாளர், அச்சுவேலியிலிருந்து வந்த பொறியியலாளப் பெண், நான். கொழும்பிலிருந்து மடிக்கணினித் திரையில் பேசிய விற்பனைக்காரரையும் சேர்த்தால் ஐந்து பேர். வேறு ஒருவரும் இல்லை. இதை இவ்வளவு திட்டமாக எழுதக் காரணம், பிற்பாடு ஊரில் பாதிப் பேர் தாங்களும் அன்று அங்கே இருந்ததாகச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

கூடியது ஒரு மென்பொருளைத் தெரிவு செய்வதற்காக. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கலாம். அந்த மென்பொருள் விசாரிக்கப் போவது நான் போட்ட குழாய் ஒட்டைத்தான்.

உரும்பிராய்ப் பக்கம், செம்மண் தோட்டங்களுக்கு நடுவே ஒரு பொதுக் கிணறு இருக்கிறது. அதில் மோட்டர் வைத்து, ஒரு கிலோமீற்றர் நீளத்துக்குக் குழாய் தாட்டு, தோட்டத்துக்கு ஒரு வால்வு பூட்டிக் கொடுத்தவன் நான். குழாய் வேலைதான் என் தொழில். வெங்காயம் நட்ட பருவத்தில், குழாய் வளைந்து திரும்புகிற கோயிலடி முடக்கில் அது வெடித்தது. வெட்டி ஒட்டினேன். பிறகும் அதே முடக்கில் வெடித்தது. மூன்றாம் முறையும் வெடித்தபோது, "ஒட்டுப் பிழை" என்று அமைப்பு முடிவெடுத்து, எனக்குத் தரவேண்டிய மிச்சம் இரண்டு லட்சம் ரூபாயை நிறுத்தி வைத்தது. ஒட்டுத்தான் பிழை என்று உறுதியானால் அந்தக் காசு வராது. அதோடு முழுக் குழாயையும் என் செலவில் கிண்டி மாற்ற வேண்டும். மோட்டார் சைக்கிளையும் மனைவியின் காப்பையும் விற்றாலும் அதற்குக் காணாது.

நான் பயந்த சுபாவம். காஸ் அடுப்பை அணைத்துவிட்டுப் படலை வரை போய், திரும்பி வந்து பார்க்கிறவன். ஆனால் ஒட்டு விஷயத்தில் எனக்குப் பயமில்லை. பசை பூசிச் செருகினால் அது இறுகும்வரை கையை எடுக்கமாட்டேன். பயந்தவன் போட்ட ஒட்டு இலேசில் இளகாது. நான் பயந்தது கணினிக்கு. எனக்கு விளங்காத ஒரு பெட்டி "ஒட்டுத்தான்" என்று சொல்லிவிட்டால், அதோடு யார் வாதாடுவது?

பொறியியலாளப் பெண்ணை அழைத்தது தலைவர். முடக்கை வந்து பார்த்ததுமே அவள் ஒரு சந்தேகத்தைச் சொன்னாள். ஓடுகிற தண்ணீரைத் திடீரென்று மறித்தால் அது முட்டித் திரும்பும். அந்த அமுக்கம் அலைபோலக் குழாய் நீளத்துக்கும் ஓடும். குழாய் தாங்காவிட்டால் வெடிக்கும். எங்கள் தொழிலில் இதைத் தண்ணீர் உதைக்கிறது என்போம். அதைக் கணினியில் ஓட்டிப் பார்க்கலாம் என்றாள். எந்த மென்பொருளில் என்பதுதான் அன்றைய கேள்வி.

முதலாவது இலவசம். செயலாளருக்கு அதில்தான் விருப்பம். அவன் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன்.

"சும்மா வாறதை விட்டிட்டு ஏன் காசு குடுப்பான்?" என்றான்.

"அது ஒரு சீரா ஓடுற தண்ணியைத்தான் பாக்கும் அண்ணை. நிப்பாட்டேக்கை என்ன நடக்குதெண்டு அதுக்குத் தெரியாது," என்றாள் அவள்.

"எங்கடை தலைவர் மாதிரி. கூட்டம் ஓடேக்கை மட்டும்தான் ஆள் உசார்."

"உம்மடை வாய்க்கும் ஒரு வால்வு போடவேணும்," என்றார் தலைவர்.

இரண்டாவது கொழும்புக்காரருடையது. வருடக் கட்டணம், அதுவும் டொலரில். ஆனால் காட்சி அழகாக இருந்தது. மின்சாரம் நிற்கிறது, மோட்டர் நிற்கிறது, நீலக் குழாயில் சிவப்பாக ஒரு மலை எழும்பி ஓடுகிறது.

"கரண்ட் போனா என்ன ஆகும்னு அப்படியே காட்டும் சார்," என்றார் திரையில் இருந்தவர்.

"நல்ல வடிவாக் கிடக்கு," என்றார் தலைவர். அவள் சந்தேகத்தைச் சொன்ன நாளிலிருந்து, கரண்ட் நிற்பதுதான் காரணம் என்பது அவருடைய எண்ணம்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "வெடிச்ச நேரங்களிலை கரண்ட் நிண்டதோ அண்ணை?"

"இல்லைப் பிள்ளை, மோட்டர் ஓடிக்கொண்டுதான் கிடந்தது. நான் சோத்துக் கோப்பையிலை கை வைக்கத்தான் ஒவ்வொருக்காலும் போன் வரும். அரை வயித்தோடை ஓடுவன்."

"பசியோடை ஒட்டினா ஒட்டு நிக்குமே மச்சான்?" என்றான் செயலாளர்.

அவள் சிரிக்கவில்லை. "மூண்டு தரமும் மத்தியானமோ? அந்த நேரம் தோட்டத்திலை என்ன நடக்கும்?"

"என்ன நடக்கிறது. காலமைத் தண்ணி முறைக்காரர் ஆறு பேரும் வால்வை மூடுவினம். பேந்து பின்னேர முறைக்காரர் திறப்பினம்," என்றான் செயலாளர். அவனுக்கும் அங்கே ஒரு தோட்டம் உண்டு.

"எத்தினை மணிக்கு?"

"மணிக்கூடு ஒருத்தரும் பாக்கிறேல்லை. கோயில் மணி அடிக்கும், மூடுவம்."

"ஆறு பேரும் ஒண்டாவோ?"

"மணி ஒண்டுதானே பிள்ளை. அடிச்சாப் பிறகும் திறந்து வைச்சிருந்தா, மற்றவன்ரை தண்ணியைக் களவெடுத்தவன் எண்டு கதை வந்திடும். அதாலை எல்லாரும் கைபிடியிலை கையை வைச்சுக்கொண்டு நிப்பம்."

நான் பூட்டிய வால்வுகளை நினைத்தேன். கைபிடியைக் கால்வட்டம் திருப்பினால் மூடிவிடுகிற வால்வுதான் வேண்டும் என்று தோட்டக்காரர்கள் கேட்டார்கள். நானும் அதைத்தான் பூட்டினேன். ஆறு நேர்மையான மனிதர்கள், முதல் மணிச் சத்தத்துக்கே, ஆறு இடத்தில் டக்கென்று தண்ணீரை மறிக்கிறார்கள்.

அவள் திரையைப் பார்த்துக் கேட்டாள், ஆறு வால்வுகளை ஒரே நொடியில் மூடிக் காட்ட முடியுமா என்று. அவர் ஒளிக்காமல் சொன்னார்: முடியும், அதற்கு இன்னொரு பகுதி வாங்க வேண்டும், விலை தனி. விலையைக் கேட்ட தலைவர் மேலே சுற்றிய காற்றாடியைப் பார்த்தார்.

மூன்றாவதை அவள் தன் கணினியிலேயே திறந்தாள். மாத வாடகைக்கு எடுக்கலாம். சாம்பல் நிறம், மலையும் இல்லை, சிவப்பும் இல்லை. ஆனால் ஒவ்வொரு வால்வுக்கும் அது இருக்கும் இடத்தையும், மூட எடுக்கும் நேரத்தையும் தனித்தனியே கொடுக்கலாம்.

"உது வடிவில்லையே," என்றார் தலைவர்.

"பொம்பிளை பாக்கவே வந்தனீங்கள்?" என்றான் செயலாளர்.

வாடகை மாதம் அறுபதாயிரம். "பாதி நான் தாறன்," என்றேன். சொன்ன பிறகுதான் அது முப்பதாயிரம் என்று மண்டைக்குள் ஏறியது.

"அண்ணை, ஒட்டுத்தான் பிழையெண்டு வந்தாலும் நான் மறைக்கமாட்டன்," என்றாள் அவள்.

"மறைக்க வேண்டாம் பிள்ளை. ஓட்டிப் பாருங்கோ."

"சொப்ட்வெயர் சொல்லுறதையும் உடனை நம்பமாட்டன். முதலிலை குழாயைக் கேப்பம்."

மறுநாள் முடக்கில் குழாயை வெட்டி அமுக்கமானி ஒன்றைப் பூட்டினேன். ஊசி மூன்றில் நின்றது. நாலு பேரும் அதைச் சுற்றிக் குந்தியிருந்தோம். ஊசி அசையாமலே விட்டால்? மணிக்கயிற்றை இன்றைக்கென்று மெதுவாக இழுத்தால்? நினைக்கக்கூடிய எல்லாவற்றையும் நினைத்துவிட்டேன். ஆனாலும் ஒட்டின கை எனக்குத் தெரியும். அவள் கைத்தொலைபேசியில் ஊசியைப் படம் பிடித்தபடி இருந்தாள்.

மணி அடித்தது. ஊசி துள்ளி விழுந்தது. படத்தை நிறுத்திப் பார்த்தோம். அது எட்டிய இடம் ஏழரை. குழாய் தாங்குவது ஆறு. ஒரு உதையில் வெடிக்காவிட்டாலும், நாளாந்தம் இப்படி வாங்கினால் ஒரு நாள் வெடிக்கும் என்றாள் அவள்.

"ஏழரை எண்டா சனியன்தானே. பிறகு வெடிக்காமல் என்ன செய்யும்?" என்றான் செயலாளர்.

கோயில் மதிலில் கணினியை வைத்து, ஆறு வால்வுகளையும் ஒன்றாக மூடுவதாகக் கணக்குக் கொடுத்தாள். சாம்பல் திரையில் ஒரு கோடு ஏழரைக்குச் சற்றுக் கீழே போய் முட்டியது. குழாயும் கணினியும் ஒரே கதையைத்தான் சொல்லின. பிறகு, கடைசித் தோட்டத்திலிருந்து ஒவ்வொருவராக, ஆறுதலாக மூடுவதாக மாற்றிக் கொடுத்தாள். கோடு ஐந்தைத் தொடவில்லை. தலைவர் குனிந்து இரண்டு தரம் பார்த்தார்.

"தம்பி, உம்மடை ஒட்டிலை பிழையில்லை," என்றார்.

அடுத்த கூட்டத்தில் ஒட்டுப் பிழை என்ற பழைய முடிவை நீக்கிவிட்டார்கள். பல சுற்றுச் சுற்றினால்தான் மூடுகிற சக்கர வால்வுகளை நான் பூட்டினேன். மணிக்குப் பிறகு மூடுவது களவில்லை என்று தலைவர் ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டியிருந்தது. வெங்காயம் கிண்டி முடிந்தும் முடக்கு வெடிக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் போன் அடித்தால் மட்டும் எனக்கு இன்னும் நெஞ்சு இடிக்கும்.

நிறுத்தி வைத்த இரண்டு லட்சத்தைக் கேட்டு அமைப்புக் கட்டடத்துக்குப் போனேன். செயலாளர் முகத்தை நீட்டி வைத்துக்கொண்டு சொன்னான்:

"மச்சான், நீயும் அந்தப் பிள்ளையும்தானே சொன்னனீங்கள், ஒண்டையும் டக்கெண்டு செய்யக்கூடாது, ஆறுதலாச் செய்யவேணும் எண்டு. காசும் அப்பிடித்தான் வரும்."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வரும் என்பது எனக்குத் தெரியும். இதுவரை எழுபத்தையாயிரம் கைக்கு வந்திருக்கிறது. இன்னும் வரவேண்டியது ஒரு லட்சத்து இருபத்தையாயிரம் ரூபாய்.